ராஜா வீட்டு வெண்கல மணி

எங்கள் தெருவில் சாவு விழுந்தால் முதலில் சாத்திக்கொள்வது ராஜா வீட்டு ஜன்னல்கள்தான். சாவு மேளம் தெருமுனைக்கு வருவதற்கு முன்பே ஒவ்வொரு ஜன்னலாகப் படார் படாரென்று சாத்துகிற சத்தம் கேட்கும். அப்புறம் உள்ளேயிருந்து ஒரு வெண்கல மணி அடிக்க ஆரம்பிக்கும். பிணம் தெருவைத் தாண்டிப் போகிறவரை நிறுத்தாமல் அடித்துக்கொண்டே இருக்கும்.

"ஜனம் நெஞ்சில அடிச்சிகினு அழுவுது, இந்தாளு உள்ள குந்திகினு மணி ஆட்டிகினு கீறான்," என்று பால்காரம்மா என் மனைவியிடம் சொல்லுவாள். "ராஜாவாம் ராஜா. நாளிக்கு இவரு செத்தா எவன் வந்து தூக்குவான், கேளு."

நான் அதிகம் படித்தவன் இல்லை. எட்டாவதோடு நிறுத்திவிட்டு, தாம்பரத்தில் மின்சார ரயில் ஷெட்டில் ஃபிட்டராக வேலை பார்த்து ரிட்டையர் ஆனவன். எழுதுகிற பழக்கம் கிடையாது. என் மனைவிதான் சொன்னாள்: "ராஜா சாரைப் பத்தி எழுதி வையுங்க. அதுல நம்ம பொண்ணும் வருவா." அதற்காகத்தான் எழுதுகிறேன். கர்த்தர் ஞாபகத்தைக் கொடுக்கிற மட்டும் எழுதுகிறேன்.

கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு ஒரு டாக்டருடையது. அவர் வெளிநாடு போனபின் பூட்டியே கிடந்தது. ஒரு கோடைகாலத்தில் ஒரு டாக்சி வந்து நின்றது. அதிலிருந்து குள்ளமாக, சிவந்த நிறத்தில், கழுத்துவரை பித்தான் போட்ட கோட்டோடு ஒருவர் இறங்கினார். பின்னாலேயே இருமிக்கொண்டு ஒரு அம்மாள். சாமான்களைத் தூக்கிக்கொண்டு ஒரு பணியாள். அவ்வளவுதான் வந்தவர்கள்.

வடகிழக்கே, நம் தேசத்து எல்லைக்கு அப்பால், மலைகளுக்கு நடுவில் இருந்த ஒரு சின்ன ராஜ்யத்துக்கு அவர் ராஜா. பெயரை எழுத மாட்டேன், வம்சத்தார் இருக்கிறார்கள். மழைக்காக மலைக்கோயிலுக்கு நோன்பிருக்கப் போன சமயம் பார்த்து, சொந்தத் தம்பியே பட்டாளத்தைக் கையில் போட்டுக்கொண்டு அரண்மனைக் கதவைச் சாத்திவிட்டானாம். ராணியோடும் இந்த ஒரு பணியாளோடும் நடந்தே எல்லையைத் தாண்டி வந்திருக்கிறார். கல்கத்தாவில் ராணியம்மாவுக்கு நுரையீரல் கெட்டுப்போனது. தாம்பரத்தில் அதற்கு நல்ல ஆஸ்பத்திரி இருக்கிறது என்று யாரோ சொல்ல, இங்கே வந்து சேர்ந்தார்கள். ராணியம்மா சானடோரியத்தில் படுக்கையில் இருந்தார். ராஜா தினமும் ஒரு ஸ்டேஷன் தூரம் ரயிலில் போய்ப் பார்த்துவிட்டு வருவார். டிக்கெட் வாங்க வரிசையில் நிற்பார். பின்னால் பணியாள் குடையோடு நிற்பான். எத்தனை நெரிசலிலும் அவன் ராஜாவின் மேலே படாமல் நின்றுகொள்வான். அவர்கள் ஊரில் ராஜாவை யாரும் தொடக்கூடாதாம்.

அந்தப் பணியாள் தமிழ் கற்றுக்கொண்டது மார்க்கெட்டிலும் ரிக்‌ஷா ஸ்டாண்டிலும். "இன்னா அண்ணே, ஷோக்கா கீறியா?" என்பான் என்னைப் பார்த்தால். ராஜா தமிழ் கற்றது வேறு விதம். எங்கள் வீட்டில் சாயங்காலம் விளக்கு வைத்ததும் வேதம் வாசித்து ஜெபிப்போம். அவர் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். அப்படிக் கேட்டுக் கேட்டு வந்த தமிழ் அது. ஒரு நாள் பால்காரம்மாவிடம், "ஸ்திரீயே, பாலில் தண்ணீர் மிகுதியாயிருக்கிறதே, அது ஏன்?" என்று கேட்டுவிட்டார்.

"அய்ய, இன்னா சார் இது, பாதிரியாராட்டம் பேசுற?" என்று அவள் சிரித்ததில் பால் சொம்பு சரிந்தது.

என் மகள்தான் சுவர்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு அவருக்குத் திருத்திச் சொன்னாள். அப்போது மூன்றாவதோ நாலாவதோ படித்துக்கொண்டிருந்தாள். "ஸ்திரீயேன்னு கூப்பிடக்கூடாது அங்கிள். அக்கான்னு கூப்பிடணும்."

"அக்கா," என்று அவர் பாடம் படிக்கிற பிள்ளை மாதிரிச் சொன்னார்.

"உங்க கிரீடம் எங்கே?"

நான் உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவன் பதறி எழுந்தேன். அவர் கோபிக்கவில்லை. "என் தம்பியின் தலையில் இருக்கிறது," என்றார்.

"அவருக்கு சரியா இருக்குமா?"

"பெரிதாயிருக்கும். காதுவரை இறங்கும்."

அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மணி அடிக்கிற காரணத்தைப் பணியாள்தான் எனக்குச் சொன்னான். கிணற்றடியில் நின்று, நான் கேட்டதற்குச் சொன்னான். "எங்க ஊர்ல ராஜான்னா வெள்ளாமைக்கு உசுரு மாதிரி அண்ணே. அவரு பொணத்தைப் பாக்கக்கூடாது, பாடையைத் தொடக்கூடாது, சாவு அழுகை காதுல விழக்கூடாது. விழுந்துச்சுன்னா பயிரு கருகிப்போவும். அப்புறம் அவரு ராஜா கிடையாது. உன்னாட்டம் என்னாட்டம் ஒரு ஆளு, அவ்ளோதான்."

"இங்கே எதுக்குப்பா அதெல்லாம்? இங்கே இவருக்கு வயலா இருக்கு?"

"ஒரு நாள் திரும்பிப் போவணும்ல? அப்போ கேப்பாங்க. சொந்த ஜனம் சொன்னா ஒத்துக்க மாட்டாங்க, வெளியாளு சாட்சி சொல்லணும். அதுக்குத்தான் காப்பாத்திகினு வர்றேன்."

காப்பாற்றுவது என்ற வார்த்தையை அவன் சொன்ன விதம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஊரிலிருந்து வேறொன்றும் கொண்டுவர முடியாதபோது, அவன் கொண்டுவந்தது அந்த மணி ஒன்றுதான்.

இது புரியாமல்தான் தெருவில் எல்லோரும் அவரைத் திட்டினார்கள். கல்யாணத்துக்கு வராவிட்டால் மன்னித்துவிடுவார்கள். சாவு வீட்டுக்கு வராதவனை எங்கள் பக்கத்தில் மனுஷனாகவே சேர்க்க மாட்டார்கள். எனக்குக் காரணம் தெரிந்தும் மனசுக்கு ஒப்பவில்லை.

ஐப்பசி மழையில் ராணியம்மா போய்விட்டார். காலையில் பணியாள் சுவரோரம் வந்து நின்றான். மழையில் நனைந்திருந்தான்.

"ராணியம்மா பூட்டாங்க அண்ணே. தூக்க ஆள் இல்ல."

வருகிறாரா என்று ராஜா சாரைக் கேட்கவில்லை நான். கேட்க என்ன இருக்கிறது. ஷெட்டுக்கு லீவு சொல்லியனுப்பிவிட்டு, டீக்கடைக்காரரையும் ரிக்‌ஷாக்காரரையும் கூட்டிக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக ஏரிக்கரைச் சுடுகாட்டுக்கு. நாங்கள் மூன்று பேரும் அந்தப் பணியாளுமாக நாலு பேர் தூக்கினோம். எனக்கு முன்பக்கம் வலது தோள். கனமே இல்லை. நோய் எல்லாவற்றையும் தின்றிருந்தது. பணியாள் அவர்கள் முறைப்படி ஏதோ சொல்லிக் கொள்ளி வைத்தான். நான் என் முறைப்படி மனசுக்குள் ஜெபித்தேன்.

வீட்டுக்குத் திரும்பி வந்தபோது என் மனைவி வாசலில் நின்றிருந்தாள். "காலையிலேருந்து மணி அடிச்சிட்டே இருக்குங்க," என்றாள். "அந்த ஆள் உங்ககூட வந்துட்டானே, அப்ப அடிக்கிறது அவரேதான். அடிக்கிற மாதிரி இல்ல. உடைக்கிற மாதிரி இருக்கு."

தெருவே கேட்டது. "பொண்டாட்டி சாவுக்கே வராத ஜென்மம்," என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். தூக்கினவர்களில் ஒருவரே சொன்னார்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு சாயங்காலம், ஜெபம் முடிந்ததும், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "அவள் முகம் எப்படியிருந்தது?"

"தூங்கற மாதிரி இருந்தாங்க, சார்."

"மணிக்கட்டில் சிவப்பு நூல் இருந்ததா?"

"இருந்தது."

"அது நான் கட்டினது," என்றார். நாற்காலியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அதற்கப்புறம் சில வருஷம் இப்படியே போனது. நம் நாட்டு ராஜாக்களுக்கே மானியத்தை நிறுத்திய சமயம், டீக்கடையில் பேப்பரைப் படித்துவிட்டு, "சொந்த ஊர் ராஜாவுக்கே கஞ்சி இல்லயாம், நம்ம ராஜா எந்த மூலைக்கு?" என்று சிரித்தார்கள். அவர் காதில் விழுந்தது. அவரும் வாயை மூடிக்கொண்டு லேசாகச் சிரித்துவிட்டு நடந்தார். என் மகளிடம் மட்டும் பேசுவார். அவளுக்குச் சரித்திரப் பாடத்தில் ராஜாக்கள் பேரெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது. "இத்தனை பேரா?" என்று அவர் கேட்பார். "எல்லாரும் செத்துட்டாங்க அங்கிள், வருஷத்தோட படிக்கணும்," என்பாள் அவள்.

அவளுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று கஷாயம் கொடுத்தோம். அது மூளைக்கு ஏறிவிட்டது. ஆஸ்பத்திரியில் என் மனைவி அவள் காலைப் பிடித்துக்கொண்டும் நான் தலைமாட்டில் முழங்காலில் நின்றும் ஜெபித்தோம். கர்த்தர் எடுத்துக்கொண்டார். எதற்கென்று இத்தனை வருஷமாகக் கேட்கிறேன். ஒவ்வொரு நாளும் கேட்டுவிட்டுத்தான் ஆமென் சொல்கிறேன்.

காலையில் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். முன்னறையில் பெஞ்சின்மேல் பெட்டி. சபை ஜனங்கள் ஞானப்பாட்டு பாடிக்கொண்டிருந்தார்கள். கூடுவாஞ்சேரியிலிருந்து என் மைத்துனர் வந்ததும் என் மனைவி வாய்விட்டு அலறினாள். அந்த அலறலைக் கேட்டதும் எனக்கு ஒரே நினைப்புதான் வந்தது. இப்போது ஜன்னல் சாத்தப்படும். இப்போது அந்த மணி அடிக்கும். என் பிள்ளை பெட்டியில் கிடக்கிறாள், என் காது பக்கத்து வீட்டைப் பார்த்துக் காத்துக்கொண்டிருக்கிறது. அடித்தால் சுவரேறிக் குதித்து அந்த மணியைப் பிடுங்கி எறிந்திருப்பேன். அவ்வளவு ஆத்திரம் எனக்கு.

ஜன்னல் சாத்துகிற சத்தம் வரவில்லை. பணியாளின் குரல் கேட்டது. அவர்கள் பாஷையில் கெஞ்சுகிறான், அழுகிறான், கத்துகிறான். பிறகு கதவு திறந்தது.

அவர் தெருவழியாக, எல்லோரும் பார்க்க, செருப்பில்லாமல் நடந்து வந்தார். வாசலில் நின்ற பால்காரம்மா வழிவிட்டாள். உள்ளே வந்து பெட்டியருகே நின்றார். என் மகள் முகத்தைப் பார்த்தார். குனிந்து அவள் நெற்றியில் கையை வைத்தார். வைத்த கையை ரொம்ப நேரம் எடுக்கவில்லை.

பிறகு என்னிடம் வந்தார். "நீர் என் ராணியைச் சுமந்தீர்," என்றார். "எனக்கு ஒரு பக்கம் கொடும்."

அவர் என்ன கொடுக்கிறார் என்று அந்த அறையில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முன்பக்கம் வலது தோள் இடத்தை அவருக்கு விட்டுக்கொடுத்தேன். அவர் குள்ளம். பெட்டி அந்தப் பக்கம் சரிந்தது. நானும் மற்ற இரண்டு பேரும் முழங்காலை மடக்கி அவர் உயரத்துக்குத் தாழ்ந்துகொண்டோம். கல்லறைத் தோட்டம்வரை அப்படியேதான் நடந்தோம். அவர் வீட்டு வாசலில் பணியாள் தெருவிலேயே உட்கார்ந்து தலையில் கையை வைத்துக்கொண்டிருந்தான். மடியில் மணி கிடந்தது.

அதன்பின் தெருவில் அவரை யாரும் குறை சொல்லவில்லை. பால்காரம்மா தண்ணீர் கலக்காத பால் ஊற்றினாள். பணியாள் மட்டும் என்னிடம், "யாரும் பாக்கல அண்ணே. அவரு வரவே இல்ல. இன்னா?" என்றான். அடுத்த சாவுக்கு ஜன்னலைச் சாத்தி மணியும் அடித்தான். ராஜா அவனைத் தடுக்கவில்லை. அவனுக்காக அடிக்கவிட்டார் என்று நினைக்கிறேன்.

என் மகள் போன மறு வருஷம் அவர்கள் ஊரிலிருந்து ஆள் வருவதாகச் செய்தி வந்தது. தம்பியை ஜனங்களே விரட்டிவிட்டார்களாம். அண்ணனான ராஜாவைத் திரும்ப அழைத்துப்போகப் பெரியவர்கள் வருகிறார்கள். அவர்கள் வருவதற்கு முந்தின சாயங்காலம், ஜெபம் முடிகிறவரை பணியாள் எங்கள் வாசலில் காத்திருந்தான். உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தான்.

"அண்ணே, நாளிக்கு உன்னைத்தான் சாட்சி கேப்பாங்க. பக்கத்து வூட்டுக் குடும்பஸ்தன் நீதான். ராஜா சாவைத் தொட்டாரான்னு கேப்பாங்க."

நான் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"பொய் சொல்ல சொல்லல. உன் சாமிக்கு விரோதமா உனக்கு எதுக்கு? நீ நெஜத்தையே சொல்லு. அவங்களுக்குத் தமிழ் தெரியாது. பாஷை மாத்தறது நான்தானே." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "எவ்ளோ வருஷம் காத்துகினு இருந்தோம். அங்க மலை கீது அண்ணே. தண்ணி அப்படியே குடிக்கலாம். அவரு அங்க போய் கண்ணை மூடட்டும்."

அவன் போனபின் என் மனைவியைக் கேட்டேன். வேதப்புஸ்தகத்தை மூடி வைத்துக்கொண்டே சொன்னாள்: "அவன் கேக்கறது நியாயந்தாங்க. வேணும்னா அவர் வரலன்னு நீங்களே சொல்லிடுங்க. பாவம் என் தலையில இருக்கட்டும். நமக்குப் போனது போச்சு. அவருக்காவது ஒண்ணு திரும்பக் கிடைக்கட்டும்." சொல்லிவிட்டு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

மறுநாள் மூன்று பேர் மீனம்பாக்கத்திலிருந்து டாக்சியில் வந்தார்கள். வந்தவர்களில் மூத்தவருக்கு முகமெல்லாம் சுருக்கம். ஒருவர் கையில் மஞ்சள் பட்டு ஒன்று மடித்து வைத்திருந்தார். ராஜாவின் தோளில் போர்த்துவதற்காம். ராஜா கழுத்துவரை பித்தான் போட்ட அந்தப் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மூவரும் தள்ளியிருந்தே தரையில் நெற்றி படக் கும்பிட்டு எழுந்தார்கள். என்னை வாசற்படியில் நிற்க வைத்தார்கள்.

மூத்தவர் கேட்டார். பணியாள் என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னான்: "ராஜா சாவைப் பாத்தாரா, தொட்டாரான்னு கேக்கறாரு."

நான் ராஜாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, ஜன்னல் வழியாகக் காம்பவுண்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவர்மேல் என் மகள் முழங்கை ஊன்றுகிற இடத்தில் காரை பெயர்ந்திருந்தது.

"வந்தார்," என்றேன். "என் மகளைத் தொட்டார். தோள் கொடுத்துச் சுமந்தார்."

பணியாள் அந்தப் பக்கம் திரும்பி அவர்கள் பாஷையில் சொன்னான். என்ன சொன்னான் என்று அவர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. மூன்று பேர் முகமும் மலர்ந்தது. பட்டை வைத்திருந்தவர் அதைப் பிரிக்க ஆரம்பித்தார்.

அவன் சொன்னதும் நான் சொன்னதும் இரண்டும் புரிந்தவர் அங்கே ஒருவர்தான். அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் போதும். ராஜ்யம் திரும்ப வந்திருக்கும். அவர் பணியாளைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். அப்புறம் மெதுவாக, அவர்கள் பாஷையில், நாலைந்து வார்த்தை பேசினார். பேசும்போது தன் வலது தோளைத் தொட்டுக் காட்டினார்.

பட்டைப் பிரித்தவர் அப்படியே நின்றார். பிறகு மடிக்கத் தொடங்கினார். அது சரியாக மடியவே இல்லை. மூத்தவர் கிட்டே வந்து, ராஜாவின் இரண்டு கையையும் தன் கையில் எடுத்துப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர்கள் ஊரில் ராஜாவை யாரும் தொடக்கூடாது. அதைப் பார்த்ததும்தான் பணியாள் தரையில் விழுந்து கதறினான்.

டாக்சி போனபின் நான் அவர் முன்னால் நின்றேன். "சார், நான் வேற மாதிரி சொல்லியிருக்கணுமோ?"

"நீர் உள்ளதைச் சொன்னீர்," என்றார். "அந்தப் பிள்ளையை நான் சுமக்கவில்லை என்று சொல்லிவிட்டு எந்த நாட்டுக்குப் போவேன்?" பிறகு, "இனி நான் ராஜா இல்லை. என் மனைவியை எரித்த இடத்தை எனக்குக் காட்டும்," என்றார்.

அன்று சாயங்காலமே போனோம். அவரும் நானும் முன்னால், பணியாள் பின்னால். ஏரிக்கரையில் வேலிகாத்தான் முள் மண்டிக் கிடந்தது. எத்தனையோ மழை பெய்து, எத்தனையோ பேரை எரித்து, இடமே மாறிப்போயிருந்தது. அடையாளத்துக்கு நான் நினைவில் வைத்திருந்த புங்கமரத்தையும் வெட்டிவிட்டார்கள். கொஞ்சம் இப்படிப் பார்த்தேன், அப்படிப் பார்த்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்கேதான் சார்," என்று ஒரு இடத்தைக் காட்டினேன். அது சரியான இடமா என்று கர்த்தருக்குத்தான் தெரியும்.

அவர் அங்கே உட்கார்ந்தார். முள்ளை ஒதுக்கிவிட்டு, என் மகள் நெற்றியில் வைத்த மாதிரியே, மண்ணின்மேல் கையை வைத்தார். முதலில் சத்தமே வரவில்லை. பிறகு வந்தது. எங்கள் தெருவில் ஜன்னலைச் சாத்தி, மணி அடித்து, அத்தனை வருஷமாக அவர் காதில் விழாமல் தடுத்து வைத்திருந்த அந்த அழுகை அவர் வாயிலிருந்தே வந்தது.

நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் நின்ற பணியாளின் வலது கை தானாக உயர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. கையில் மணி இல்லை.